மரவீட்டுக்காக லாரியை விற்கப் போனோம்

2004ஆம் வருடம், பெரியகுளம் பக்கம் மாம்பழ சீசன் முடிந்த கையோடு நடந்தது இது. அப்போது நாங்கள் தேனி அல்லிநகரத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். என் கணவருக்குச் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. காய்கறி ஏற்றிக்கொண்டு கம்பம், குமுளி வழியாகக் கேரளாவுக்குப் போவார். திரும்பும்போது கிடைக்கிற சரக்கை ஏற்றி வருவார். நான் வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்.

வாடகை வீட்டுக் கஷ்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் வீட்டுக்காரம்மாவுக்குச் சுவரில் ஆணி அடித்தால் ஆகாது, மிஷின் சத்தம் ஆகாது, ஜாக்கெட் வாங்க வருகிற பெண்கள் வாசலில் நின்று பேசினாலும் ஆகாது. தண்ணீர் மோட்டாரை அவர் நிறுத்தும் நேரம்தான் எங்களுக்குக் குளித்து முடிக்கிற நேரம். சொந்த வீடு என்ற பேச்சை எடுத்தால் எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் முகம் மலர்ந்துவிடும்.

சின்னமனூரிலிருந்து மலைக்குப் போகும் ரோட்டுப் பக்கம் கொஞ்சம் இடம் வாங்கிப் போட்டிருந்தோம். அதில் வீடு கட்ட வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே மனசு. ஆனால் எப்படிப்பட்ட வீடு என்பதில் என் கணவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. முழுக்க மரத்தில் கட்ட வேண்டும் என்பார்.

அந்த ஆசை வந்த கதை இது. ஒரு மழைக்காலத்தில் குமுளிக்கு அந்தப் பக்கம் ரோட்டில் மண் சரிந்து லாரி மாட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் இவரை வீட்டுக்குள் கூப்பிட்டுப் படுக்க இடம் கொடுத்தார்கள். பலகைச் சுவர், மரத் தரை, மேலே ஓடு. வெளியே மழை அடித்து ஊற்றியதாம், உள்ளே மடியில் படுத்த மாதிரி இருந்ததாம். வந்த நாளிலிருந்து அதே பேச்சுதான். நான் சிரித்தால் கோபம் வரும்.

"இருவது வருசமா இரும்புக்குள்ளயே படுத்து எந்திரிச்சாச்சு. வெயிலுக்கு வேகுறதும் குளிருக்கு வெறைக்கிறதும் போதும். மிச்ச நாளாச்சும் மரத்துக்குள்ள படுக்கணும்" என்பார்.

கிளீனராக ஏறி, டிரைவராகி, பட்டினி கிடந்து ஒரு லாரிக்குச் சொந்தக்காரர் ஆனவர் அவர். தனக்கென்று ஒரு நல்ல செருப்புக்கூட வாங்கிக்கொண்டதில்லை. அப்படிப்பட்டவர் ஆசைப்பட்டுக் கேட்கிற ஒரே ஒரு காரியத்துக்கு எப்படிக் குறுக்கே நிற்பது? நானும் சரி என்றேன்.

லோடு இறக்கப் போன இடத்தில் அவருக்கு ஒரு காண்ட்ராக்டர் பழக்கமானார். கேரளாக்காரர், எஸ்டேட் பங்களாக்களுக்கு மர வேலை எடுத்துச் செய்பவர். எங்கள் இடத்தை வந்து பார்த்தார். ஒரு ஹால், மூன்று ரூம், முன்னால் ஒரு வராந்தா என்று குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். என் பெரிய மகள் அந்தக் கோட்டுக்குள் போய் நின்று, இது என் ரூம் என்று சொல்லிவிட்டாள்.

"நாலு லட்சம் உண்டெங்கில் வீடு நிக்கும் சேட்டா, பயப்படண்டா" என்றார் அவர், நாலு லட்சம் இருந்தால் போதும், பயப்பட வேண்டாம் என்று தன் மலையாளத்தில்.

அந்தத் தொகையில் முடிக்க அவரே ஒரு வழியும் வைத்திருந்தார். புது மரம் வாங்கினால் அந்தத் தொகையில் நடக்காது. ஜெயமங்கலத்தில் ஒருவர் பாதி கட்டிய மரவீட்டை அப்படியே விற்கப் போகிறார், தூண், உத்திரம், கூரை தாங்கும் கைமரம் எல்லாம் நல்ல மரம், அதைப் பிரித்து எடுத்துக்கொண்டால் கச்சிதமாக முடியும் என்றார்.

பேங்கில் போய்க் கேட்டோம். செங்கல், சிமெண்டு வீடு என்றால் பார்க்கலாம், மரத்துக்குக் கடன் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் கையில் இருந்தது என் சீட்டுப் பணமும் நாங்கள் சேர்த்ததுமாக ஏறக்குறைய ஒரு லட்சம். மீதிக்கு என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் முடிவு பண்ணிவிட்டார். லாரியை விற்பது. கம்பத்துக்காரர் ஒருவர் மூன்று லட்சத்துக்குக் கேட்டிருந்தார். வீடு முடிந்தபின் யாரிடமாவது சம்பளத்துக்கு வண்டி ஓட்டிக்கொள்ளலாம், இரண்டு மூன்று வருடத்தில் பழைய வண்டி ஒன்று எடுத்துவிடலாம் என்றார்.

நாங்கள் சாப்பிடுவது அந்த லாரியில். பிள்ளைகள் படிப்பது அந்த லாரியில். ஆனால் கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது. மூன்றும் ஒன்றும் நான்கு. அதில் தப்புச் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

திங்கட்கிழமை காலையில் லாரி வாங்குபவர் பணத்தோடு வருவதாகவும், அதே நேரத்துக்குக் காண்ட்ராக்டரும் அட்வான்ஸ் வாங்க வருவதாகவும் பேச்சு. அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, நானும் அவரும் பைக்கில் ஜெயமங்கலத்துக்குப் போனோம். அந்தப் பாதி வீட்டைப் பார்த்து, விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவதாகத் திட்டம்.

ஊரைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பை ஒட்டி அந்த வீடு நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். தூண்கள் இருந்தன, உத்திரங்கள் இருந்தன, கைமரம் பாதிக்கு மேல் ஏற்றியிருந்தது. மேலே ஓடு இல்லை. நீலத் தார்ப்பாயைக் கட்டிவைத்திருந்தார்கள், அதுவும் காற்றில் கிழிந்து தொங்கியது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் வெளிச்சம். அந்தப் பக்கம் மேய்ந்த ஆடு ஒன்று ஹாலுக்குள் நுழைந்து வராந்தா வழியாக வெளியே போனது.

வீட்டுக்காரரும் அவர் மனைவியும் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரே அறையில் குடியிருந்தார்கள். அவர் மாங்காய் வியாபாரி. எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்கள் இருவரும். அந்த அக்கா காபி போட்டுக் கொடுத்தார். வீட்டுக்காரர் எங்களைக் கூட்டிப் போய் ஒவ்வொரு தூணாகத் தட்டிக் காட்டினார்.

என் கணவருக்கு நிலைகொள்ளவில்லை. தூணைத் தடவுகிறார், உத்திரத்தை அண்ணாந்து பார்க்கிறார், நகத்தால் கீறி மோந்து பார்க்கிறார். மரம் உண்மையிலேயே நல்ல மரம்தான், எனக்கே தெரிந்தது. விலையும் பெரிதாக இழுக்கவில்லை. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்று முடிந்தது. என் கணவர் சட்டைப்பையிலிருந்து அட்வான்ஸ் பணத்தை எடுத்து, பெண் கையில் கொடுத்தால் ராசி என்று அந்த அக்காவிடம் நீட்டினார்.

அந்த அக்காவும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்க வந்தார். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

"கையில காசு வச்சுக்கிட்டுத்தான ஆரம்பிக்கிறீக தம்பி?"

"கொஞ்சம் இருக்குக்கா. மிச்சத்துக்கு லாரிய விக்கிறோம். நாளைக்கு முடிஞ்சிரும்" என்றார் என் கணவர்.

வாங்க வந்த கை பாதியிலேயே நின்றது. அந்த அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கணவர் முகத்தைப் பார்த்தார்.

"பொழப்புக்கு வேற வண்டி வச்சிருக்கீகளா?"

"இல்லக்கா, அது ஒண்ணுதான்."

"அப்ப அத உள்ள வைங்க தம்பி. முதல்ல வாங்க, இந்த வீட்ட நான் ஒருதரம் காமிக்கிறேன். அவுக மரத்தக் காமிச்சாக. நான் வீட்டக் காமிக்கிறேன்."

அவர் கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏவாரம் முடிஞ்ச எடத்துல இது என்னா பேச்சு? பேசாம இரு" என்று அதட்டினார். அந்த அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தார். அந்தக் கை சொரசொரவென்று இருந்தது, இறுக்கிப் பிடித்திருந்தது.

வராந்தா இருக்க வேண்டிய இடத்தில் நின்றார். "எங்களுக்கும் ஒருத்தரு நாலு லட்சமின்னுதான் சொன்னாரு. மாங்கா நல்லா வெல போன வருசம் அது. உருட்டு மரமா வாங்கி மில்லுல அறுக்கக் குடுத்தோம். வாங்குனது ஒரு லோடு, வந்தது முக்கா லோடு. மிச்சமெல்லாம் பட்டையும் தூளுமாப் போச்சு. அந்தக் காசு கணக்குலயே இல்ல. இந்த வராந்தாக் காசு அங்கனயே போச்சு."

ஹாலுக்கு வந்தோம். "மரம் காயணுமின்னாக. பச்ச மரத்த ஏத்துனா சுருங்கி வாயப் பொளந்துரும். சரின்னு அடுக்கிப் போட்டுக் காத்துக்கெடந்தோம். காத்திருந்த மாசமெல்லாம் நாங்க வாடகை குடுத்துக்கிட்டு இருந்தோம் தாயி. ஆசாரிமாருக்கு வெளியூரு. மழ பேஞ்சா வேல கெடையாது, ஆனா சோறு உண்டு, போக்குவரத்து உண்டு. அதுல போச்சு இந்த ஹாலு."

அடுத்த அறை. "இங்கன வந்தப்பத்தான் கறையானுக்கு மருந்து வைக்கணுமின்னு தெரிஞ்சது. தூணு ஊனுறதுக்கு முன்னாடியே தரையில ஊத்தியிருக்கணுமாம். அந்தா அந்தத் தூணு இருக்குல்ல, அதக் கழட்டி, மருந்து ஊத்தி, திரும்ப நட்டோம்."

மற்ற ரூம்களைத் தாண்டிப் பின்பக்கம் ஒன்றுமே இல்லை. வெறும் கருங்கல் வரிசை மட்டும். "அடுப்பாங்கரையும் பாத்ரூமும் மரத்துல கட்ட முடியுமா? செங்கல்லுதான் வேணும். ஆத்தா, அத எவரும் நெனைக்கவே இல்ல. ஓடு, வயரிங்கு, பைப்பு, கதவுக்குக் கீலு, எதையும் நெனைக்கல. மரம், மரமின்னு மரத்தையே நெனச்சோம்."

"கடன் கிடன் வாங்கி முடிச்சிருக்கலாமேக்கா?" என்று கேட்டேன்.

"கடன் வாங்கலயே. தோப்ப வித்தோம். தோப்பு இருந்திருந்தா ஒரு வருசம் பொய்ச்சாலும் மறு வருசம் காய்க்கும். வித்த தோப்பு காய்க்குமா?" என்றார். குரல் ஒன்றும் உடையவில்லை. சொல்லிச் சொல்லித் தனக்குள்ளேயே ஆறிப்போன வலி மாதிரி இருந்தது. "இப்ப அவுக அடுத்தவுக தோப்புக் காயக் கமிசனுக்கு ஏத்திவிடுறாக. வண்டிய வித்துட்டு இந்தத் தம்பியும் அடுத்தவுக வண்டிக்குப் போகணுமே, அதான் சொல்றேன். கணக்குப் போட்டுப் பாத்துட்டு வேணுமின்னா வாங்க. மரம் எங்கயும் போயிராது."

என் கணவர் பணத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

வெளியே பைக்கை எடுக்கும்போது அந்த அக்காவின் கணவர் மோட்டார் ரூம் பக்கம் உட்கார்ந்திருந்தார். போய் என்ன சொல்வது என்று எங்களுக்குச் சங்கடம். அவரே எழுந்து வந்தார். என் கணவரின் தோளில் கை வைத்து, "அவ சொல்றது நெசந்தான் தம்பி. நானா இருந்தாச் சொல்லியிருக்க மாட்டேன். அம்புட்டுத்தான்" என்றார்.

வீடு வந்து சேர்ந்தோம். வந்ததும் அவருக்குக் கோபம் பொங்கியது. அந்த அக்கா மேல் இல்லை, யார் மேல் என்று அவருக்கே தெரியாத கோபம். "அவுகளுக்குக் கட்டத் தெரியல. அதுக்கு நாம என்னா பண்றது? நம்ம ஆளு எத்தன பங்களா பாத்தவரு" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. "நாளைக்கு அவரு வரும்போது நீங்களே கேட்டுப் பாருங்க. கேக்குறதுக்குக் காசா பணமா?" என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை. லாரி வாங்க வந்த கம்பத்துக்காரர் மடியில் பையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். லாரிச் சாவி என் தையல் மிஷின் மேல் இருந்தது. ஆர்.சி. புத்தகம் பக்கத்தில். காண்ட்ராக்டரும் வந்து சேர்ந்தார். நான் காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

என் கணவர் நிதானமாகத்தான் ஆரம்பித்தார். "நாலு லட்சத்துல ஓடு சேந்துதானே?"

"அது வேறே சேட்டா."

"பாத்ரூம், அடுப்பாங்கரை?"

"அதும் வேறே. அது கொத்தனார் செய்யும்."

"அஸ்திவாரம்?"

"கல்லு வேலை நம்மள் இல்லா. வேறே ஆளு."

"கறையான் மருந்து? வயரிங்கு? பாலிசு?"

காண்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். எல்லாம் வேறே. மழையில் வேலை நின்றால் ஆட்களுக்குச் சாப்பாடு யார் பொறுப்பு என்று நான் கதவோரம் இருந்து கேட்டேன். அதும் பார்ட்டிதான் சேச்சி என்றார். பார்ட்டி என்றால் நாங்கள்.

இன்றைக்கும் நான் அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. வீடு நிக்கும் என்றுதான் சொன்னார். குடியிருக்கலாம் என்று சொல்லவில்லை. நாங்கள்தான் ஆசையில் அப்படிக் காதில் வாங்கிக்கொண்டோம். வேறே, வேறே என்று அவர் சொன்னதற்கெல்லாம் அவரையே தோராயமாக ஒரு தொகை சொல்லச் சொன்னோம். ஒளிக்காமல் சொன்னார். கூட்டிக்கொண்டே போனோம். எட்டைத் தாண்டி ஒன்பது லட்சத்தைத் தொட்டது. அதுவும் எல்லாம் நேராக நடந்தால்.

கம்பத்துக்காரர் நாற்காலியில் நெளிந்தார். "என்னப்பா, நல்ல நேரம் போகுது. காச எண்ணிக்கிறியா?"

என் கணவர் மிஷின் மேல் இருந்த சாவியைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னால்கூட, அவருடைய ஆசையைக் கலைத்தவள் நானாகிவிடுவேன் என்று பயம். அவராகச் சொல்ல வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன்.

அவர் எழுந்து போய்ச் சாவியை எடுத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. வண்டி விக்கல."

கம்பத்துக்காரர் கோபமாக நாலு வார்த்தை பேசினார். பேசட்டும், அவர் பஸ் பிடித்து வந்தவர். காண்ட்ராக்டர் இன்னொரு யோசனை சொன்னார். மட்டமான மரத்தில் குறைத்துச் செய்யலாம் என்றார். என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். இரண்டு பேரும் போனபிறகு நான் அடுக்களைக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். அப்பாடா என்று ஒரு சொல் இருக்கிறதே, அதற்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவருக்கு மட்டும் மனசு விட்டுப்போயிருந்தது. வழக்கம்போல லோடு ஏற்றிப் போனார், வந்தார். வீட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. ரோட்டில் மர லோடு போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. லாரி மிஞ்சியது சரி, ஆளுக்கு ஆசை போய்விட்டதே என்றிருந்தது.

தீபாவளி நெருக்கத்தில் எனக்குத் தையல் வேலை குவியும். ஒரு பெண் துண்டுத்துணி ஒன்றைக் கொண்டுவந்து, நீளக் கை வைத்துத் தைத்துத் தா என்று சண்டை போட்டாள். இந்தத் துணிக்கு நீளக் கை வராது, குட்டைக் கைதான் வரும், ஆனால் அழகாக வரும் என்று சொல்லி ஒருவழியாக அனுப்பினேன். அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தார் அவர். எனக்கு அப்போதுதான் பளிச்சென்று தோன்றியது.

"நாம அளவ எடுத்துட்டுத் துணி தேடுனோங்க. துணி எம்புட்டு இருக்குன்னு முதல்ல பாத்திருக்கணும்" என்றேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பல வாரம் கழித்து அன்றைக்குத்தான் வீட்டைப் பற்றிப் பேசினோம். லாரியைத் தொடக்கூடாது, பிள்ளைகள் படிப்புப் பணத்தைத் தொடக்கூடாது. அது போக நம்மால் எவ்வளவு முடியும்? அதில் அஞ்சில் ஒரு பங்கை எடுத்து, இல்லவே இல்லை என்று நினைத்து ஒதுக்கிவைப்போம். மீதியில் எந்த வீடு வருமோ அதுதான் நம் வீடு. அப்படிப் பார்த்தபோது மூன்று ரூம் ஒன்றாகிவிட்டது, வராந்தா போய்விட்டது. செங்கல்லில் ஒரு படுக்கையறை, அடுப்பாங்கரை, பாத்ரூம். அதற்கு மட்டும் பேங்கில் சின்னதாகக் கடன் கிடைக்கும். முன்னால் ஒரே ஒரு ஹால் மட்டும் முழுக்க மரத்தில்.

"ஒரு ஹாலு போதுமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"படுக்கிறதுக்கு எம்புட்டு எடம் வேணும்?" என்றார். முகத்தில் பழைய களை வந்துவிட்டது.

அடுத்த வாரமே ஜெயமங்கலத்துக்குப் போனோம். அந்த மரச்சட்டம் இன்னும் விற்காமல்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லாம் விறகு விலைக்குக் கேட்கிறார்கள் என்று சொன்னார்கள். என் கணவர் உள்ளே போய்த் தூணுக்குத் தூண் காலடியால் அளந்து பார்த்தார். வெளியே வந்து மாங்காய் வியாபாரி அண்ணனிடம் சொன்னார்.

"அண்ணே, எனக்கு இதுல பாதி போதும். பின்னாடி ரெண்டு ரூம் மரத்த நான் எடுத்துக்கிறேன். எழுவதாயிரம் தர்றேன். முன்னாடி ஹாலையும் ஒரு ரூமையும் நீங்க வித்துறாதீக. இந்தக் காசுல அதுக்கு ஓடு போட்டுச் சுவர எழுப்பிருங்க. முழுசும் கட்டணுமின்னுதான் இத்தன நாளு நின்னுபோச்சு. பாதின்னா முடிஞ்சிரும்லண்ணே?"

அந்த அண்ணன் தன் வீட்டைப் புதிதாகப் பார்ப்பது மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூன்று வருடமாக அவர் கண்ணுக்கு அது முடியாத பெரிய வீடாகத்தான் தெரிந்திருக்கிறது, முடியக்கூடிய சின்ன வீடாகத் தெரியவில்லை. அந்த அக்காதான் முதலில் சிரித்தார். "அட, இது நமக்குத் தோணாமப் போச்சே" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆசாரிகள் வந்து பக்குவமாகப் பிரித்தார்கள். எங்கள் லாரியிலேயே ஏற்றி வந்தோம், வாடகை மிச்சம். வேலை ஆரம்பித்ததும் நாங்கள் நினைக்காதது எல்லாம் நடக்கத்தான் செய்தது. போர் போட்ட இடத்தில் தண்ணீர் வராமல் இன்னும் ஆழம் போக வேண்டியிருந்தது. மழை இரண்டு தடவை வேலையை நிறுத்தியது. சிமெண்டு விலை ஏறியது. ஒவ்வொரு தடவையும் அந்த ஒதுக்கிவைத்த பங்கு கைகொடுத்தது. அது முழுவதும் கரைந்துவிட்டது, ஆனால் அதைத் தாண்டி ஒரு ரூபாய் வெளியே கைநீட்டவில்லை. நடுவில் வேலை நின்ற மாதங்களில் எங்களுக்குச் சோறு போட்டதும் லாரிதான். அதை விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

2006 தை மாதத்தில் பால் காய்ச்சினோம். விருந்து முடிந்து எல்லோரும் போனபிறகு என் கணவர் அந்த மர ஹாலில் பாய்கூட விரிக்காமல் படுத்துத் தூங்கிவிட்டார். பகல் வெயில் ஓட்டு இடுக்கில் இறங்கி அவர் மேல் விழுந்திருந்தது. பிள்ளைகள் சத்தம் போடாமல் சுற்றிப் போனார்கள்.

ஜெயமங்கலத்து அக்காவும் அண்ணனும் முதல் நாளே வந்து எங்களோடு தங்கி வேலை பார்த்தார்கள். அவர்கள் எங்களுக்கு முன்னாலேயே, ஆவணியில், தங்கள் வீட்டில் குடியேறிவிட்டார்கள். ஹாலும் ஒரு ரூமும்தான். ஆனால் ஓடு போட்டு, கதவு வைத்து, பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்ளும் வீடு. அங்கே பால் காய்ச்சிய அன்று அந்த அக்கா என்னைத் தனியாகக் கூட்டிப் போய், "அன்னைக்கு ஒங்க பணத்த வாங்காம விட்டதுக்கு அவுக எங்கூட ஒரு மாசம் பேசல, தெரியுமா?" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன், முடியவில்லை. அந்தப் பணம் இல்லாமல் அந்த ஒரு மாதம் அவர்கள் எப்படிச் சமாளித்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது யாராவது வீடு கட்டப்போகிறோம் என்று சொன்னால், மரமோ செங்கல்லோ, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. எதெல்லாம் அந்தத் தொகையில் சேராது என்று முதலில் கேளுங்கள் என்பேன். சிலர் கேட்பார்கள், சிலர் இவளுக்கென்ன என்று போவார்கள். அது அவர்கள் இஷ்டம். தன் தலையில் விழுந்த நஷ்டத்தை அப்படியே இன்னொருத்தர் தலைக்கு மாற்றிவிட ஒரு நல்ல சந்தர்ப்பம் வீடு தேடி வந்தும், தன் கையை இழுத்துக்கொண்ட ஒரு பெண்ணால்தான் இன்று நான் எனக்குச் சொந்தமான கூரையின் கீழ் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவரிடம் வாங்கியதை அவருக்கே திருப்பிக் கொடுக்க முடியாது, அடுத்தவருக்குச் சொல்லித்தான் தீர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.